பெட்ரோல் கலந்த நிலத்தடி நீரைப் பாக்டீரியா சுத்தம் செய்யுமா?

கேள்வி இதுதான்: பெட்ரோலில் சேர்க்கும் எம்டிபிஇ என்ற வேதிப்பொருள் நிலத்தடி நீரில் கலந்துவிட்டால், அதைத் தின்னும் பாக்டீரியாவை வைத்துச் சுத்தம் செய்ய முடியுமா? கலிஃபோர்னியாவில் அப்படிச் செய்ததாகப் படித்தேன். அந்தப் பாக்டீரியாவை வாங்கிக் கிணற்றில் ஊற்றினால் போதுமா?

முதல் பாதிக்குப் பதில், முடியும். பெரிய அளவிலேயே செய்து காட்டியிருக்கிறார்கள். இரண்டாவது பாதிக்குப் பதில், பெரும்பாலும் போதாது. பல இடங்களில் பாக்டீரியாவை வாங்க வேண்டிய தேவையே இருக்காது. மண்ணுக்குள் அது ஏற்கெனவே இருக்கும், மூச்சு விட ஆக்சிஜன் இல்லாமல் சும்மா கிடக்கும். அதற்கு ஆக்சிஜனைக் கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் இந்த வேலையில் முக்கால்வாசி. நிலத்தடி நீர் மாசைப் பற்றிய ஆய்வுக்கூட வேலையில் இருப்பவன் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் எம்டிபிஇ என்றால் என்ன என்று பார்த்துவிடலாம். மெத்தில் டெர்ஷியரி பியூட்டைல் ஈதர் என்பது முழுப்பெயர். அமெரிக்காவில் 1979 முதல் பெட்ரோலில் ஈயத்துக்குப் பதிலாக, ஆக்டேனை (எஞ்சினில் தட்டல் இல்லாமல் பெட்ரோல் எரியும் திறனை) ஏற்றுவதற்காகச் சேர்த்தார்கள். 1990இல் அங்கே தூய காற்றுச் சட்டத்தைத் திருத்தினார்கள். புகை மோசமாக இருந்த நகரங்களில் விற்கும் பெட்ரோலில் எடைக்கணக்கில் 2 சதவீதம் ஆக்சிஜன் இருக்க வேண்டும் என்றது அந்தத் திருத்தம். எம்டிபிஇ மூலக்கூற்றில் ஆக்சிஜன் இருக்கிறது, விலையும் குறைவு, சுத்திகரிப்பு ஆலையிலேயே கலந்துவிடலாம். அதனால் பெட்ரோலில் சுமார் 11 சதவீதம் வரை சேர்த்தார்கள். காற்றைச் சுத்தப்படுத்தத்தான் சேர்த்தார்கள், அந்த நோக்கத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. பெட்ரோல் பங்குகளின் தரைக்கடித் தொட்டிகள் கசியும் என்பதும் அப்போதே தெரிந்த விஷயம்தான். இரண்டையும் சேர்த்து யோசிக்காமல் விட்டதற்கான விலையை ஊர்மக்களின் குடிநீர்க் கிணறுகள் கொடுத்தன.

பெட்ரோலில் உள்ள மற்றப் பொருள்களும் நச்சுதான். பென்சீன் புற்றுநோய் உண்டாக்கும் என்பது உறுதியான விஷயம். ஆனால் மண்ணுக்குள் பென்சீன் வெகுதூரம் போவதில்லை. தண்ணீரில் அது லிட்டருக்கு 1.8 கிராம் அளவுக்குத்தான் கரையும், கொஞ்சம் மண்ணில் ஒட்டும், மிச்சத்தை மண்ணின் நுண்ணுயிர்கள் தின்றுவிடும். கலிஃபோர்னியாவின் கசிவு இடங்களை லாரன்ஸ் லிவர்மோர் ஆய்வகத்தினர் 1995இல் தொகுத்துப் பார்த்தபோது, பென்சீன் பரவல் பெரும்பாலும் 80 மீட்டருக்குள்ளேயே அடங்கியிருந்தது. எம்டிபிஇ இந்த மூன்றிலும் நேர்மாறு. லிட்டருக்கு ஏறக்குறைய 50 கிராம் கரையும், மண்ணில் கிட்டத்தட்ட ஒட்டவே ஒட்டாது, சாதாரண மண் நுண்ணுயிர்கள் அதை லேசில் தொடாது. தண்ணீர் எவ்வளவு வேகத்தில் நகர்கிறதோ அதே வேகத்தில் அதுவும் நகரும். ஒருமுறை தண்ணீரில் கரைந்துவிட்டால், காற்றை ஊதி வெளியேற்றுவதும் பென்சீன் அளவுக்கு எளிதில்லை.

அளவையும் பாருங்கள். டர்பன்டைன் மாதிரியான ஒரு வாடையும் கசப்பும் எம்டிபிஇ-க்கு உண்டு. லிட்டருக்கு 20 முதல் 40 மைக்ரோகிராம் அளவிலேயே மக்களுக்கு அது தெரிய ஆரம்பிக்கும் என்று அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 1997இல் ஓர் அறிவுரை அளவு வைத்தது. அந்த 20 மைக்ரோகிராமை எடுத்துக்கொண்டு கணக்குப் போடுவோம். 11 சதவீதம் எம்டிபிஇ உள்ள ஒரு லிட்டர் பெட்ரோலில் சுமார் 80 கிராம் எம்டிபிஇ இருக்கும். அது முழுதும் கரைந்தால் 40 லட்சம் லிட்டர் தண்ணீரில் வாடை வரும். 12,000 லிட்டர் பிடிக்கும் தண்ணீர் லாரியில் முந்நூறு லோடுக்கும் மேல். ஒரு தொட்டியின் இணைப்பில் கண்ணுக்குத் தெரியாத சொட்டுக் கசிவு இருந்தாலே ஒரு தெருவின் கிணறுகளுக்குப் போதும்.

சான்டா மோனிகா நகரத்தில் நடந்தது இதுதான். லாஸ் ஏஞ்சலஸ் பக்கத்தில் கடலோர ஊர். சார்னாக், ஆர்கேடியா என்ற இரண்டு கிணற்றுத் தொகுப்புகள் அதன் குடிநீரில் ஏறக்குறைய பாதியைக் கொடுத்துக்கொண்டிருந்தன. 1995-96இல் அவற்றில் எம்டிபிஇ தென்பட்டது. சார்னாக்கில் அளவு லிட்டருக்கு 600 மைக்ரோகிராமைத் தாண்டியது. 1996இல் கிணறுகளை மூடினார்கள், நகரம் வெளியிலிருந்து தண்ணீர் வாங்க ஆரம்பித்தது. மலைமேல் இருக்கும் சவுத் லேக் டாஹோவிலும் கிணறுகளை மூட வேண்டி வந்தது. 1999இல் கலிஃபோர்னியா ஆளுநர் கிரே டேவிஸ் எம்டிபிஇ-யைப் படிப்படியாக நிறுத்த உத்தரவிட்டார். 2004 தொடக்கத்திலிருந்து அந்த மாநிலப் பெட்ரோலில் அது இல்லை. 2005இல் மத்திய சட்டத்திலும் ஆக்சிஜன் கட்டாயம் நீங்கியது. சேர்ப்பதை நிறுத்தியாயிற்று. ஆனால் ஏற்கெனவே மண்ணுக்குள் போனது அங்கேயே இருந்தது. பாக்டீரியாவின் கதை இங்கேதான் வருகிறது.

எம்டிபிஇ-யை நுண்ணுயிர் உடைக்காது என்றுதான் ஆரம்பத்தில் பலரும் எண்ணினார்கள். காரணம் அதன் அமைப்பு. இரண்டு கார்பன்களை நடுவில் ஓர் ஆக்சிஜன் இணைக்கும் ஈதர் பிணைப்பை உடைப்பது பாக்டீரியாவுக்குச் சிரமம். அதற்கு அடுத்தாற்போல ஒரே கார்பனில் மூன்று மெத்தில் கிளைகள் நெருக்கிக்கொண்டு நிற்கும். வழக்கமாகக் கொழுப்பையும் நீள்சங்கிலி எண்ணெயையும் நுனியிலிருந்து கத்தரிக்கும் என்சைம்களுக்கு இதில் பிடி கிடைப்பதில்லை. 1994இல் ஷெல் நிறுவனத்தின் ஆய்வாளர் ஜோசப் சலானிட்ரோவும் குழுவினரும், ஒரு வேதி ஆலையின் கழிவுச் சேற்றிலிருந்து வளர்த்த, பல பாக்டீரியாக்கள் கலந்த கூட்டம் ஒன்று ஆக்சிஜன் உள்ள சூழலில் எம்டிபிஇ-யை உடைக்கிறது என்று காட்டினார்கள். அதுவரை இருந்த எண்ணம் அதோடு ஆட்டம் கண்டது.

நீங்கள் படித்த கலிஃபோர்னியா பாக்டீரியா அநேகமாக பிஎம்1 ஆக இருக்க வேண்டும். அதைக் கண்டுபிடித்த இடம் லாஸ் ஏஞ்சலஸ் வட்டாரத்தில் கார்சன் என்ற ஊரில் உள்ள பெரிய கழிவுநீர் நிலையம். அங்கே கழிவுநீரிலிருந்து எழும் வாயுக்களைச் சுத்தப்படுத்த, மட்கிய உரத்தை நிரப்பிய ஒரு சோதனை வடிகட்டியை ஓட்டிக்கொண்டிருந்தார்கள். அதற்குள் போன காற்றில் எம்டிபிஇ-யும் இருந்தது. மாதக்கணக்கில் அது உள்ளே போன மாதிரியே வெளியே வந்துகொண்டிருந்தது. அப்புறம், யாரும் எதையும் மாற்றாமலே, குறைய ஆரம்பித்தது. அந்த உரத்திலிருந்து கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் கேட் ஸ்கோவின் குழு பிரித்தெடுத்ததுதான் பிஎம்1. 1999இல் அதைப் பற்றி எழுதினார்கள். பின்னால் அதற்கு மெத்திலிபியம் பெட்ரோலியைஃபிலம் என்று பெயர் வந்தது. எம்டிபிஇ மட்டுமே உணவாகக் கிடைத்தாலும் அதை வைத்தே உயிர்வாழும், பெருகும். பெட்ரோலில் உள்ள பென்சீனையும் தொலுயீனையும்கூடத் தின்னும். 2007இல் அதன் மரபணுத் தொகுதி முழுதும் வெளியானது. முதன்மைக் குரோமோசோம் போக, சுமார் 6 லட்சம் டிஎன்ஏ எழுத்து நீளமுள்ள ஒரு பிளாஸ்மிடும், அதாவது தனியாக நிற்கும் டிஎன்ஏ வளையமும், அதற்கு இருக்கிறது. எம்டிபிஇ-யை உடைக்கும் மரபணுக்கள் அந்த பிளாஸ்மிடில்தான் உள்ளன. இப்படிப்பட்ட பிளாஸ்மிடுகள் ஒரு பாக்டீரியாவிலிருந்து இன்னொன்றுக்குக் கைமாறக்கூடியவை. மனிதன் சில பத்தாண்டுகளுக்கு முன்புதான் மண்ணில் கொட்ட ஆரம்பித்த ஒரு பொருளைத் தின்ன மண்ணுயிர் இவ்வளவு சீக்கிரம் வழி கண்டிருக்கிறதே என்று எனக்கு இன்றைக்கும் வியப்புத்தான்.

உடைக்கும் வழியைக் கொஞ்சம் பார்க்க வேண்டும், ஏனென்றால் களத்தில் ஏமாறும் இடம் அங்கேதான் இருக்கிறது. முதல் என்சைம், ஆக்சிஜன் மூலக்கூறு ஒன்றைப் பயன்படுத்தி, ஈதரின் மெத்தில் பக்கத்தைத் தாக்கும். அந்தத் துண்டு ஃபார்மால்டிஹைடாகவோ ஃபார்மிக் அமிலமாகவோ பிரிந்து போய்விடும். மிச்சம் இருப்பது டெர்ஷியரி பியூட்டைல் ஆல்கஹால், சுருக்கமாக டிபிஏ. மூன்று மெத்தில் கிளை கொண்ட அந்த முரட்டுக் கார்பன் இன்னும் அப்படியே இருக்கிறது. டிபிஏ தண்ணீரோடு எந்த விகிதத்திலும் கலக்கும். காற்றை ஊதி அதை வெளியேற்றுவது எம்டிபிஇ-யைவிடக் கடினம், கரி வடிகட்டியிலும் சரியாகப் பிடிக்காது. கலிஃபோர்னியாவில் டிபிஏ-வுக்கு லிட்டருக்கு 12 மைக்ரோகிராம் என்று தனியாக ஓர் அறிவிப்பு அளவே வைத்திருக்கிறார்கள். ஆக, "எம்டிபிஇ 90 சதவீதம் குறைந்துவிட்டது" என்று ஓர் அறிக்கை சொன்னால், நான் முதலில் தேடுவது டிபிஏ எவ்வளவு என்ற வரியைத்தான். அந்த வரி இல்லாவிட்டால் அறிக்கை முழுமையில்லை.

டிபிஏ-வைத் தாண்டிப் போகத் தெரிந்த பாக்டீரியாதான் நமக்கு வேண்டும். பிஎம்1 தாண்டும். ஜெர்மனியில் லாய்னா என்ற ஊர் உண்டு. பழைய வேதித் தொழில் நகரம், அங்கே எம்டிபிஇ பெரிய அளவில் நிலத்தடி நீரில் இறங்கியிருந்தது. அங்கே கிடைத்த அக்வின்கோலா டெர்ஷியரிகார்போனிஸ் என்ற பாக்டீரியாவும் தாண்டும். டிபிஏ ஆக்சிஜனேற்றம் அடைந்து 2-ஹைட்ராக்சி ஐசோபியூட்டிரிக் அமிலம் ஆகிறது. அதன் கார்பன் எலும்புக்கூட்டையே இடம் மாற்றி, செல் வழக்கமாகப் பயன்படுத்தும் வடிவத்துக்குக் கொண்டுவருகிறது ஒரு என்சைம். அந்த என்சைம் வேலை செய்ய வைட்டமின் பி12 வேண்டும், பி12-க்குக் கோபால்ட் வேண்டும். லாய்னா பாக்டீரியாவை ஆராய்ந்த தோரே ரோவெர்டரும் உடன் பணியாற்றியவர்களும் 2006இல் இதைத் தெளிவாக்கினார்கள். ஆய்வகத்தில் சில நேரம் பாக்டீரியா டிபிஏ வரை வந்து நின்றுவிடும். அப்போது துளி கோபால்ட் உப்பைச் சேர்த்துப் பார்ப்பது இதனால்தான்.

இப்போது ஆக்சிஜன் கணக்குக்கு வருகிறேன். இந்தத் துறையில் எனக்கு மிகவும் முக்கியமாகத் தெரிவது இதுதான். எம்டிபிஇ ஒரு மூலக்கூறு முழுதாக கார்பன் டை ஆக்சைடாகவும் தண்ணீராகவும் மாற ஏழரை ஆக்சிஜன் மூலக்கூறு வேண்டும். எடையில் சொன்னால் 88 கிராம் எம்டிபிஇ-க்கு 240 கிராம் ஆக்சிஜன், அதாவது 1 மில்லிகிராமுக்கு 2.7 மில்லிகிராம். நன்றாகக் காற்றோட்டம் உள்ள தண்ணீரிலேயே 25 டிகிரியில் லிட்டருக்கு 8 மில்லிகிராம் ஆக்சிஜன்தான் கரையும். அது முழுதும் செலவானாலும் லிட்டருக்கு 3 மில்லிகிராம் எம்டிபிஇ-யைத்தான் முடிக்கலாம். பெட்ரோல் கசிந்த இடத்தில் அந்த 8 மில்லிகிராமும் இருக்காது. பென்சீன், தொலுயீன் போன்ற எளிய உணவைத் தின்னும் நுண்ணுயிர்கள் இருந்த ஆக்சிஜனை எல்லாம் முன்னாடியே தீர்த்திருக்கும். ஆக்சிஜன் மீட்டரைக் கிணற்றில் இறக்கினால் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் நிற்கும். எம்டிபிஇ தின்னும் பாக்டீரியா பந்தியில் கடைசி வரிசையில் உட்கார்ந்தவன் மாதிரி, அதற்குப் பரிமாற ஒன்றும் மிஞ்சுவதில்லை.

ஆக்சிஜன் இல்லாமலும் எம்டிபிஇ உடையும், மெதுவாக. மீத்தேன் உண்டாகும் அளவுக்கு ஆக்சிஜன் அற்ற மண்ணில் எம்டிபிஇ குறைவதைப் பார்த்திருக்கிறார்கள். ஆனால் அங்கே பெரும்பாலும் அது டிபிஏ-வாக மாறிக் குவிந்துகொண்டே போகும், அதற்கு மேல் நகராது. ஒரு பிரச்சினையின் இடத்தில் இன்னொன்று வந்து உட்கார்ந்துகொள்ளும்.

களத்தில் எப்படிச் செய்தார்கள் என்பதற்கு நல்ல உதாரணம் போர்ட் ஹைனிமி. கலிஃபோர்னியாவின் வென்ச்சுரா மாவட்டத்தில் உள்ள அமெரிக்கக் கடற்படைத் தளம். அங்கிருந்த பெட்ரோல் நிலையத்தில் 1984-85இல் ஆயிரக்கணக்கான கேலன் பெட்ரோல் கசிந்தது. எண்ணெய்ப் பொருள்கள் கசிந்த இடத்தை ஒட்டியே நின்றுவிட்டன. எம்டிபிஇ மட்டும் தனியே கிளம்பி, பதினைந்து ஆண்டில் ஏறத்தாழ ஒன்றரைக் கிலோமீட்டர் போய்விட்டது. ஆண்டுக்குச் சராசரியாக நூறு மீட்டர். முன்னால் சொன்ன 80 மீட்டரோடு இதை ஒப்பிட்டால் இந்தப் பொருளின் குணம் விளங்கும்.

அதனால்தான் உலகமே அங்கே சோதனைக்குப் போனது. டேவிஸ் குழு ஒரு பக்கம் பிஎம்1-ஐ நிலத்துக்குள் செலுத்தி ஆக்சிஜன் கொடுத்தது. ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகப் பக்கத்திலேயே இன்னொரு பாத்தியில் ஆக்சிஜன் மட்டும் கொடுத்தது. பிஎம்1 போட்ட பாத்தியில் எம்டிபிஇ குறைந்தது. ஆக்சிஜன் மட்டும் கொடுத்த பாத்தியிலும் குறைந்தது. அந்தக் குழுவின் கிறாசிமிரா ஹிரிஸ்டோவாவும் ஸ்கோவும் அந்தத் தண்ணீரின் டிஎன்ஏ-வை எடுத்துப் பார்த்து, பிஎம்1-ஐ ஒத்த பாக்டீரியா அந்த நிலத்தில் இயல்பாகவே இருக்கிறது என்று 2003இல் எழுதினார்கள். ஆக்சிஜன் வந்ததும் அவை பெருகியிருக்கின்றன. நூறு கிலோமீட்டருக்கும் மேல் தள்ளி வேறு வகை மண்ணில், வான்டன்பெர்க் விமானப்படைத் தளத்தில் செய்த சோதனையும் இதே திசையில்தான் போனது. மெல்லிய குழாய்களை நிலத்தில் இறக்கி, குழாய்ச்சுவர் வழியே ஆக்சிஜன் கசிந்து தண்ணீரில் கரையும்படி விட்டார்கள். அங்கிருந்த நுண்ணுயிர்களே எம்டிபிஇ-யைத் தின்ன ஆரம்பித்தன.

2000இல் போர்ட் ஹைனிமியில் முழு அளவிலான உயிர்த்தடுப்பு ஒன்றைப் போட்டார்கள். அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தின் பால் ஜான்சன், கடற்படைப் பொறியாளர்கள், ஷெல்லின் சலானிட்ரோ எல்லோரும் சேர்ந்த வேலை. தண்ணீர் ஓடும் திசைக்குக் குறுக்கே சுமார் 150 மீட்டர் நீளத்துக்கு ஊசிக் குழாய்களை வரிசையாக இறக்கினார்கள். சுவர் எதுவும் கட்டவில்லை, தண்ணீர் தடையில்லாமல் அந்த வரிசை வழியாகப் போகும். மாசு அதிகமாக இருந்த நடுப்பகுதியில் வளர்த்த பாக்டீரியாவைச் செலுத்தி, தூய ஆக்சிஜனை இடைவெளி விட்டு ஊதினார்கள். ஓரங்களில் பாக்டீரியா போடாமல் காற்றும் ஆக்சிஜனும் மட்டும். தூய ஆக்சிஜன் ஏன் என்றால், அதைக் கொண்டு தண்ணீரை நிறைவாக்கினால் லிட்டருக்கு 40 மில்லிகிராம் வரை கரையும், மேலே போட்ட கணக்கில் ஐந்து மடங்கு வேலை நடக்கும். தடுப்பைத் தாண்டி வந்த தண்ணீரில் எம்டிபிஇ லிட்டருக்கு 5 மைக்ரோகிராம் அளவுக்கு இறங்கியது. கலிஃபோர்னியாவில் சுவை, வாடைக்கான வரம்பு அந்த 5தான். உடல்நலத்துக்கான வரம்பு 13.

அப்படியானால் பாக்டீரியாவை வளர்த்துப் போடுவதே வீணா? வீணில்லை. இயல்பாக இருக்கும் கூட்டம் எண்ணிக்கையில் மிகக் குறைவாக இருக்கலாம். எம்டிபிஇ-யில் வளரும் பாக்டீரியா நிதானமாகப் பெருகும். நல்ல உணவு கிடைத்தால் ஈ.கோலை 20 நிமிடத்தில் இரட்டிப்பாகும், இவற்றுக்கு நாள் கணக்கு ஆகும். தின்ற உணவில் உடம்பாக மாறுவதும் குறைவு. மாசு இன்னும் சில மாதத்தில் ஒரு குடிநீர்க் கிணற்றைத் தொடப்போகிறது என்றால் காத்திருக்க நேரமில்லை, அப்போது வளர்த்த கூட்டத்தைச் செலுத்துவது நியாயம். தண்ணீரை மேலே எடுத்து உலைக்கலனில் சுத்திகரிக்கும்போதும் வளர்த்த பாக்டீரியாவை விதையாகப் போடுவது உதவும். அங்கே பாக்டீரியாவை மணலிலோ கரித் துகளிலோ படலமாக ஒட்டவைத்து, தண்ணீரோடு அடித்துப் போகாமல் காப்பாற்றுவார்கள். மெதுவாக வளரும் உயிரைத் தொலைத்துவிட்டால் மறுபடி சேர்க்க வெகுநாள் ஆகும்.

இன்னொரு வழியும் உண்டு. புரொப்பேன் வாயுவைத் தின்னும் சில பாக்டீரியாக்களிடம் உள்ள என்சைம், பக்கத்தில் எம்டிபிஇ இருந்தால் அதையும் சேர்த்து உடைத்துவிடும். அதனால் அந்தப் பாக்டீரியாவுக்கு லாபம் ஒன்றுமில்லை, புரொப்பேனைத்தான் அது உணவாக எடுத்துக்கொள்கிறது. ஆகவே நிலத்துக்குள் ஆக்சிஜனோடு கொஞ்சம் புரொப்பேனையும் செலுத்துவார்கள். எம்டிபிஇ மிகக் குறைந்த அளவில் இருக்கும்போது இதற்கு ஒரு வசதி. மைக்ரோகிராம் கணக்கில் உள்ள மாசை மட்டும் நம்பி ஒரு கூட்டம் உயிர்வாழ முடியாது, புரொப்பேன் அதை வாழவைக்கும். ஆனால் எரியும் வாயுவையும் ஆக்சிஜனையும் ஒரே இடத்தில் கையாளும் வேலை இது, அதற்கான பாதுகாப்புப் பொறியியல் தெரிந்தவர்கள் மட்டுமே இறங்க வேண்டும்.

ஓர் இடத்தில் இது நடக்குமா என்று முன்கூட்டியே எப்படித் தெரியும்? பணத்தைக் கொட்டுவதற்கு முன் குப்பிச் சோதனை செய்வோம். அந்த இடத்தில் ஆழத்திலிருந்து எடுத்த ஈரமண்ணையும் அதே இடத்துத் தண்ணீரையும் சிறு கண்ணாடிக் குப்பிகளில் போட்டு, மேலே காற்றுக்கு இடம்விட்டு, ரப்பர் மூடியால் அடைத்து அலுமினிய வளையத்தால் இறுக்கிவிடுவோம். சிலவற்றில் மண்ணைக் கொதிநீராவியில் வேகவைத்தோ சோடியம் அசைடு சேர்த்தோ உயிர்களை ஒடுக்கியிருப்போம், அவை ஒப்பீட்டுக்கு. எல்லாவற்றையும் இருட்டில் வைத்துவிட்டு, அவ்வப்போது மூடி வழியே ஊசியைக் குத்தி மேல்காற்றைக் கொஞ்சம் உறிஞ்சி வாயுப் பகுப்பானில் செலுத்துவோம். முதல் சில வாரங்களுக்கு உயிருள்ள குப்பியும் கொன்ற குப்பியும் ஒரே கோட்டில் ஓடும். பார்ப்பவருக்கு நம்பிக்கை போய்விடும். அப்புறம் ஒரு நாள், பகுப்பான் வரையும் கோட்டில் எம்டிபிஇ-யின் அளவைக் காட்டும் உச்சி உயிருள்ள குப்பிக்குச் சற்றுத் தாழ்ந்திருக்கும், அடுத்த முறை பாதியாகியிருக்கும், அதற்கடுத்த முறை உச்சியே இருக்காது. உடனே அதே குப்பியில் இன்னொரு அளவு எம்டிபிஇ-யை ஊசியால் செலுத்திப் பார்க்க வேண்டும். இந்த முறை காத்திருப்பே இல்லாமல் நேராக இறங்கினால், அங்கே ஒரு கூட்டம் வளர்ந்து நிற்கிறது என்று அர்த்தம். கொன்ற குப்பி இன்னமும் முதல்நாள் அளவிலேயே நிற்கும். கார்சன் வடிகட்டியில் மாதக்கணக்கில் நடந்ததும் இதே விஷயம்தான், இன்னும் பெரிய கலத்தில்.

மாதிரி எடுப்பதிலும் ஒரு கண்ணி இருக்கிறது, புதிதாக வருபவர்களுக்குச் சொல்லியே ஆக வேண்டும். 40 மில்லிலிட்டர் கண்ணாடிக் குப்பியைத் தளும்பத் தளும்ப நிரப்பி, மூடிய பிறகு தலைகீழாகக் கவிழ்த்துத் தட்டிப் பார்க்க வேண்டும். ஒரு குமிழிகூட மேலே ஓடக் கூடாது, ஓடினால் ஆவியாகும் பொருள் அதற்குள் போய்விடும். இது எல்லாருக்கும் தெரியும். பென்சீனுக்கான மாதிரியில் நுண்ணுயிர் வளராமல் இருக்க ஹைட்ரோகுளோரிக் அமிலம் சேர்ப்பதும் வழக்கம். ஆனால் அமிலம் சேர்த்த தண்ணீரைப் பகுப்பானில் சூடாக்கினால் எம்டிபிஇ குப்பிக்குள்ளேயே நீராற்பகுப்பு அடைந்து (தண்ணீரோடு வினைபுரிந்து உடைந்து) டிபிஏ-வாக மாறிவிடும். பாக்டீரியா எதையும் தொடாமலே, காகிதத்தில் எம்டிபிஇ குறைந்து டிபிஏ ஏறியிருக்கும். அதனால் டிரைசோடியம் பாஸ்பேட் போட்டுக் காரத்தன்மையில் பாதுகாப்பது நல்லது, அல்லது சூடாக்காமல் அளக்க வேண்டும். நிலத்துக்குள் நடந்த மாற்றத்துக்கும் குப்பிக்குள் நடந்த மாற்றத்துக்கும் வித்தியாசம் தெரியாமல் முடிவெடுத்தால், தண்ணீர் குடிப்பவர்கள்தான் பாதிக்கப்படுவார்கள்.

இதே போல, கிணற்றில் அளவு குறைவது மழைநீர் கலந்து நீர்த்ததாலும் இருக்கலாம். அதைப் பிரித்தறிய கார்பன் ஐசோடோப்பு, அதாவது எடை வேறுபட்ட கார்பன் அணு வகைகள், உதவும். நுண்ணுயிர்கள் எடை குறைந்த கார்பன் உள்ள மூலக்கூறுகளைக் கொஞ்சம் முந்தி உடைக்கும், ஆகவே மிஞ்சும் எம்டிபிஇ-யில் எடை கூடிய கார்பன்-13 பங்கு ஏறும். வெறுமனே நீர்த்துப்போனால் அந்தப் பங்கு மாறாது. ஆக்சிஜன் உள்ள சூழலில் இந்த ஏற்றம் சிறியது, ஆக்சிஜன் அற்ற சூழலில் பெரியது, அதையும் கணக்கில் வைத்துத்தான் படிக்க வேண்டும்.

எல்லா இடத்துக்கும் பாக்டீரியாதான் விடை என்று நான் சொல்லமாட்டேன். சான்டா மோனிகா கடைசியில் சார்னாக் கிணறுகளை 2010இல் மீட்டது கரி வடிகட்டி கொண்டுதான். ஒரு நகரத்துக்கே இன்றைக்கே தண்ணீர் வேண்டும் என்ற நிலையில், அளக்கக்கூடிய, உடனே நிறுத்தி உடனே ஓட்டக்கூடிய முறையைத்தான் பொறியாளர் தேர்ந்தெடுப்பார். களிமண் அடர்ந்த நிலத்திலும் ஆக்சிஜன் பரவாது, ஊசிக் குழாயைச் சுற்றி ஒரு சிறு வட்டத்திலேயே நின்றுவிடும். இரும்புச்சத்து மிகுந்த தண்ணீரில் ஆக்சிஜன் பட்டதும் துரு படிந்து குழாயின் துளைகள் அடைபடும். மணற்பாங்கான, தண்ணீர்மட்டம் மேலாக உள்ள, நகரும் திசை தெரிந்த இடம்தான் இதற்கு ஏற்றது. போர்ட் ஹைனிமி அப்படிப்பட்ட இடம்.

நம் ஊருக்கு இது எவ்வளவு பொருந்தும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். தரைக்கடிக் கசிவு நமக்கும் தெரியாத விஷயம் இல்லை. 2013இல் சென்னை தண்டையார்பேட்டையில் பூமிக்கடியில் போகும் குழாய் கசிந்து வீட்டுக் கிணறுகளில் எண்ணெய் மிதந்தது. இந்தியப் பெட்ரோல் தரக்குறியீடு ஈதர்களைக் கலக்க அனுமதிக்கிறது. ஆனால் இன்று நம் பெட்ரோலில் பெரிய பங்கு எத்தனாலுக்குத்தான், 20 சதவீதம் வரை வந்துவிட்டது. எத்தனால் மண்ணில் நிற்காது, நுண்ணுயிர்கள் அதை மிக விரைவாகத் தின்றுவிடும். நல்ல செய்தி மாதிரி இருக்கும். தின்னும் வேகத்தில் அவை ஆக்சிஜனையும், ஆக்சிஜனுக்குப் பதிலாக நுண்ணுயிர்கள் மூச்சுக்குப் பயன்படுத்தும் மற்றப் பொருள்களையும் தீர்த்துவிடுகின்றன என்பதுதான் சிக்கல். வான்டன்பெர்க்கில் டக்ளஸ் மக்கேயும் குழுவினரும் செய்து 2006இல் வெளியிட்ட சோதனையில், எத்தனாலோடு சேர்த்து விட்ட பென்சீன், எத்தனால் இல்லாமல் விட்ட பென்சீனைவிட அதிக தூரம் போனது. எத்தனாலைத் தின்பவை பென்சீனைத் தின்பவற்றின் பங்கைக் காலி செய்துவிட்டன. எம்டிபிஇ போய் எத்தனால் வந்தாலும், கணக்குப் பார்க்க வேண்டியது அதே ஆக்சிஜனைத்தான், அளக்க வேண்டிய பொருள்தான் மாறுகிறது.

ஆக உங்கள் கடைசிக் கேள்வி, வாங்கி ஊற்றலாமா? "எண்ணெய் தின்னும் பாக்டீரியா" என்று பொடியாகவும் திரவமாகவும் விற்பதைப் பார்த்திருப்பீர்கள். அவற்றில் பெரும்பாலானவை டீசல், கிரீஸ் போன்ற நீள்சங்கிலி எண்ணெய்க்கானவை, எம்டிபிஇ-க்கும் டிபிஏ-வுக்கும் அவற்றால் ஒன்றும் ஆகாது. கிணற்றுக்குள் ஊற்றினால் அது கிணற்றுக்குள்தான் இருக்கும், மாசு இருப்பதோ சுற்றியுள்ள மண்ணின் இடுக்குகளில். யாராவது உங்களிடம் விற்க வந்தால் இவற்றைக் கேளுங்கள்: இந்தக் கூட்டம் எம்டிபிஇ-யை மட்டும் உணவாக வைத்து வளர்ந்ததற்கு அளவீடு இருக்கிறதா, டிபிஏ-வைத் தாண்டுகிறதா, எங்கள் மண்ணில் கொன்ற குப்பியோடு ஒப்பிட்டுப் பார்த்தீர்களா, நிலத்துக்குள் ஆக்சிஜனை எப்படிக் கொடுக்கப்போகிறீர்கள், ஒரு நாளைக்கு எத்தனை கிலோ? கடைசிக் கேள்விக்கு எண்ணாகப் பதில் வராவிட்டால் வாங்காதீர்கள். அதற்கும் முன்னால், கசியும் தொட்டியையோ குழாயையோ கண்டுபிடித்து அடைக்கச் சொல்லுங்கள், மிதக்கும் எண்ணெயை உறிஞ்சி எடுக்கச் சொல்லுங்கள். வாடை வரும் கிணற்றுத் தண்ணீரைக் குடிக்கவோ சமைக்கவோ வேண்டாம், கொதிக்கவைத்தும் வேண்டாம். மூடிய சமையலறையில் கொதிக்கவைத்தால் அதில் உள்ள பென்சீன் ஆவியாகி நீங்கள் சுவாசிக்கும் காற்றில்தான் கலக்கும்.